ஆர்க்கைவல் பிரிண்ட்னா என்ன? ஓவியப் பிரதி வாங்கறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விகள்

அம்ரிதா ஷெர்-கில் 1937ல வரைஞ்ச 'தி ஸ்டோரி டெல்லர்' ஓவியம் 2023 செப்டம்பர்ல ஏலத்துல 61.8 கோடி ரூபாய்க்குப் போச்சு. அவங்க ஓவியங்கள்ல ஒரு பெரிய பங்கு டெல்லியில ஜெய்ப்பூர் ஹவுஸ்ல இருக்கற தேசிய நவீன கலைக்கூடத்துல இருக்கு, மீதி இருக்கறது எப்பவாவதுதான் விற்பனைக்கு வரும், போதாததுக்கு 1972ம் வருஷத்துச் சட்டத்தின்படி அவங்க படைப்புகள் தேசியக் கலைச்செல்வம், நாட்டை விட்டு வெளியில விற்கவே முடியாது. அதனால அந்த ஓவியம் தினமும் நம்ம கண்ணுல படற மாதிரி வீட்டுச் சுவர்ல இருக்கணும்னா நல்ல பிரிண்ட் வாங்கறது ஒண்ணுதான் வழி. அதுல வெட்கப்பட எதுவுமே இல்ல. கன்னியாகுமரி வரைக்கும் வந்து நம்ம ஊர் மனுஷங்களைப் பாத்துட்டுப் போய் 1937ல 'பிரம்மச்சாரீஸ்', 'சவுத் இந்தியன் வில்லேஜர்ஸ் கோயிங் டு மார்க்கெட்'னு வரைஞ்சவங்க அவங்க. அந்தக் கரிய, ஒல்லியான, அமைதியான உருவங்களை நம்ம வீட்ல மாட்டி வைக்கணும்னு தோணறது ரொம்ப நியாயமான ஆசைதான்.

ஆனா ஆன்லைன்ல தேடினா தலை சுத்தும். ஒரே ஓவியம் ஒரு இடத்துல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, இன்னொரு இடத்துல பல ஆயிரம் சொல்றாங்க, ரெண்டு பேருமே 'மியூசியம் குவாலிட்டி', 'ஆர்க்கைவல்', 'ஜிக்லே'னு ஒரே வார்த்தைகளைத்தான் போட்டிருக்காங்க. புதுசா வாங்கறவங்க எதை நம்பறதுன்னு குழம்பிப் போறது இங்கதான். அதனால ஆரம்பத்துல இருந்து சொல்லிடறேன்.

ஆர்க்கைவல்னு ஒரு பிரிண்டைச் சொன்னா அதோட அர்த்தம் இதுதான்: சாதாரண வீட்டு வெளிச்சத்துல, ஒழுங்கா ஃப்ரேம் போட்டு மாட்டினா, பல பத்து வருஷத்துக்கு கலர் வெளுக்கக் கூடாது, பேப்பர் மஞ்சளாகக் கூடாது, மடிச்சா முறியற அளவுக்கு நொறுங்கிப் போகக் கூடாது. அவ்வளவுதான். இந்த வார்த்தையைப் போட்டுக்க யார்கிட்டயும் அனுமதி வாங்கத் தேவையில்ல, சரிபார்க்கற அதிகாரியும் கிடையாது. அதனால கடைக்காரர் ஆர்க்கைவல்னு சொன்னதும் நிம்மதியாகிடாம, என்ன இங்க், என்ன பேப்பர், அச்சடிக்கற படத்தோட ஃபைல் எங்க இருந்து வந்துச்சு, ஃப்ரேம்ல என்னென்ன போடறீங்கன்னு தனித்தனியா கேட்கணும். இதுல ஒண்ணு சொதப்பினாலும் மத்ததுக்குக் கொடுத்த காசு வீண். பெரும்பாலும் சொதப்பறது கடைசியில, ஃப்ரேம் போடற இடத்துல. அதைப் பின்னாடி விரிவா சொல்றேன்.

முதல்ல இங்க். இங்க்ஜெட் பிரிண்டர்ல போடற இங்க் ரெண்டு வகை, டை இங்க், பிக்மென்ட் இங்க். டை இங்க்ல சாயம் தண்ணியில முழுசா கரைஞ்சிருக்கும், கலர் பளிச்சுன்னு வரும், விலையும் கம்மி, ஆனா வெளிச்சமும் காத்துல இருக்கற ஓசோனும் அதைச் சீக்கிரம் சிதைச்சிடும். பிக்மென்ட்ல கலர் கரையாம நுண்ணிய துகள்களா மிதக்கும், ஒரு துகள்ல மேல இருக்கற மூலக்கூறு சிதைஞ்சாலும் உள்ள இருக்கறது தாங்கும், அதனால ஆயுசு அதிகம். கலைப் பிரதிக்கு பிக்மென்ட்தான் வேணும், இதுல யோசிக்கவே வேண்டாம்.

இதைப் பட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. 1990கள் தொடக்கத்துல கலிஃபோர்னியாவுல மன்ஹாட்டன் பீச்ல நேஷ் எடிஷன்ஸ்னு ஒரு பிரிண்ட் ஸ்டுடியோ, பாடகர் கிரஹாம் நேஷும் மேக் ஹோல்பர்ட்டும் ஆரம்பிச்சது. ஐரிஸ்னு ஒரு பெரிய இங்க்ஜெட் மெஷினை வாங்கி கலை பிரிண்ட் எடுக்க ஆரம்பிச்சாங்க. இங்க்ஜெட்ல எடுக்கற இந்த மாதிரி கலை பிரிண்ட்டுக்கு ஜிக்லேங்கற பேரை 1991ல வெச்சதும் அங்க வேலை பார்த்த ஜாக் டுகேன்தான். பிரிண்ட் பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு, ஆனா அந்த மெஷின்ல ஆரம்பத்துல ஓடினது டை இங்க், சில வருஷத்துலயே வெளுக்க ஆரம்பிச்சுது. அப்புறம் 2000ல எப்சன் விட்ட ஒரு ஃபோட்டோ பிரிண்டர்ல எடுத்த படங்கள் ஓசோன் பட்டு ஆரஞ்சு நிறத்துக்கு மாறுதுன்னு பெரிய புகார் கிளம்பிச்சு. அதே காலகட்டத்துலதான் பிக்மென்ட் இங்க் பிரிண்டர்கள் வீட்டு மேஜைக்கே வர ஆரம்பிச்சுது. இன்னிக்கு நல்ல ஸ்டுடியோக்கள்ல இருக்கறது எப்சனோட அல்ட்ராக்ரோம் இங்க் ஓடற மெஷின், இல்லன்னா கேனனோட லூசியா இங்க் ஓடற மெஷின், ரெண்டுலயும் பத்து, பன்னெண்டு கலர் இங்க் இருக்கும். கடைக்காரர்கிட்ட பிரிண்டர் மாடலையும் இங்க் பேரையும் கேளுங்க. தெரிஞ்சவர் உடனே பெருமையா சொல்லிடுவார். 'ஹெச்டி பிரிண்ட் சார், ஃபாரின் மெஷின்'னு மட்டும் பதில் வந்தா அது அனேகமா போர்டு அடிக்கற கடையில இருக்கற ஈகோ-சால்வென்ட் மெஷினா இருக்கும். வெளியில மழை வெயில்ல நிக்கற பேனருக்கு அது நல்ல தொழில்நுட்பம்தான், ஆனா ஷெர்-கில்லோட அந்த மண் சிவப்பையும் பாசிப் பச்சையையும் அதுல எதிர்பார்க்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. பிக்மென்ட்னு பேர் இருந்தாலே சாகாவரம்னு நினைச்சுடக் கூடாது. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைஞ்ச அஞ்சு பெரிய ஓவியங்களை 1964ல ஹோலியோக் சென்டர்ங்கற கட்டிடத்துல மேல் மாடி டைனிங் ஹால்ல மாட்டினாங்க. பெரிய பெரிய ஜன்னல், நல்ல வெயில். ராத்கோ பயன்படுத்தின சிவப்புல லித்தால் ரெட்னு ஒரு பிக்மென்ட் இருந்துச்சு, அது வெளிச்சம் தாங்காத ரகம். அடர் சிவப்பா இருந்த இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வெளிறி நீலமா மாறிப்போய், 1979ல எல்லாத்தையும் கழட்டி ஸ்டோர் ரூம்ல வெச்சுட்டாங்க. 2014ல மறுபடி மக்களுக்குக் காட்டினப்ப ஓவியத்து மேல பெயிண்ட் பூசாம, புரொஜெக்டர் வெச்சு, போன கலரை ஒளியாலேயே ஒவ்வொரு இடத்துக்கும் ஈடு கட்டினாங்க. ராத்கோ கைப்பட வரைஞ்ச அசலுக்கே அந்த நிலைமை. அதனால வெறும் பிக்மென்ட்ங்கறது போதாது, எந்தக் கம்பெனியோட பிக்மென்ட், அதைச் சோதனை பண்ணியிருக்காங்களாங்கறதும் முக்கியம். கம்மி விலைக்குன்னு வேற கம்பெனி இங்க்கை நிரப்பி ஓட்டறவங்களும் இருக்காங்க, அதனால ஒரிஜினல் இங்க்தானான்னும் கேட்டுடுங்க.

சோதனைன்னு சொன்னதும் '200 வருஷம் வெளுக்காது'ங்கற விளம்பரம் ஞாபகம் வரும். அந்த நம்பர் எங்க இருந்து வருதுன்னு புரிஞ்சுக்கறது நல்லது. அமெரிக்காவுல ஐயோவா மாகாணத்துல ஹென்றி வில்ஹெல்ம் நடத்தற வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச்ங்கற நிறுவனம்தான் இந்தத் துறையில பலரும் எடுத்துக் காட்டற சோதனைகளைப் பண்றது. பிரிண்ட்டைக் கடுமையான வெளிச்சத்துல வெச்சு, எவ்வளவு ஒளி பட்டதும் கண்ணுக்குத் தெரியற மாதிரி வெளுக்குதுன்னு அளந்து, அதை வருஷக் கணக்கா மாத்திச் சொல்வாங்க. மாத்தறப்ப அவங்க எடுத்துக்கற அளவு 450 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அலகு) வெளிச்சம், ஒரு நாளைக்கு 12 மணி நேரம், 24 டிகிரி வெப்பம், 60 சதவீதம் ஈரப்பதம். அதாவது ஒரு நாளைக்கு 5,400 லக்ஸ்-மணி. இப்ப நம்ம ஹால்ல மேற்குப் பக்க ஜன்னல் வழியா சாயங்கால வெயில் நேரா அந்தச் சுவர்ல விழுதுன்னு வெச்சுக்கோங்க. நேரடி வெயில் 50,000 லக்ஸ்னு குறைச்சே எடுத்தாலும் ரெண்டு மணி நேரத்துல 1,00,000 லக்ஸ்-மணி ஆச்சு. சோதனைக் கணக்கைப் போல கிட்டத்தட்ட 18 மடங்கு. அப்போ அந்த 200 வருஷம் அந்தச் சுவர்ல சுமார் 11 வருஷமா சுருங்கிடும், அதுக்கு மேல வெப்பமும் கடலோர ஊர் ஈரப்பதமும் வேற இருக்கு. மியூசியங்கள் பேப்பர்ல இருக்கற படைப்புகளுக்கு 50 லக்ஸ் சுத்தித்தான் வெளிச்சம் வெக்கறாங்க, அங்க இருட்டா இருக்கேன்னு நமக்குத் தோணறது அதனாலதான்.

அடுத்து பேப்பர். பழைய செய்தித்தாளைப் பரண்ல இருந்து எடுத்தா மஞ்சளாகி, ஓரம் பொடிப்பொடியா உதிரும் இல்லையா, அதுக்குக் காரணம் மரக்கூழ்ல இருக்கற லிக்னின்ங்கற பொருளும் அமிலமும். ஆர்க்கைவல் பேப்பர்ல லிக்னின் இருக்கக் கூடாது, அமிலம் இருக்கக் கூடாது, பின்னாடி காத்துல இருந்து ஏறற அமிலத்தைச் சமாளிக்க கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பாங்க. நூறு சதவீதம் பருத்தியில செஞ்சதுதான் முதல் தரம், காட்டன் ரேக்னு சொல்வாங்க. ஆல்ஃபா செல்லுலோஸ்ங்கறது மரத்துல இருந்து லிக்னினை நீக்கிச் சுத்தப்படுத்தினது, அதுவும் நல்லதுதான், விலை கொஞ்சம் கம்மி. பேர் கேட்டு வாங்கலாம்னா, 1584ல ஆரம்பிச்ச ஜெர்மனியோட ஹானமூல மில்லும், 1557ல ஆரம்பிச்ச பிரான்சோட கான்சன் மில்லும் இந்தியாவுல பிரிண்ட் ஸ்டுடியோக்கள்ல சாதாரணமா கிடைக்கற பேப்பர்கள். ஹானமூல ஃபோட்டோ ரேக் 308 ஜிஎஸ்எம், கான்சன் ரேக் ஃபோட்டோகிராஃபிக் 310 ஜிஎஸ்எம், இந்த ரெண்டுல எதுல அடிச்சாலும் ஆரம்பத்துக்கு நிம்மதியா இருக்கலாம்.

ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை, கிராம்ல. 300க்கு மேல இருந்தா கையில எடுக்கறப்பவே கனமா, கெத்தா இருக்கும், சுருண்டுக்காது. ஆனா எடைக்கும் ஆயுசுக்கும் சம்பந்தம் இல்ல. கல்யாணப் பத்திரிகை அடிக்கற ஆர்ட் கார்டும் 300 ஜிஎஸ்எம்ல வருது, அதையே காட்டி ஆர்க்கைவல்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

இன்னொரு விஷயம் ஆப்டிகல் பிரைட்னர், சுருக்கமா ஓபிஏ. பேப்பர் பளீர் வெள்ளையா தெரியறதுக்காகச் சேர்க்கற ரசாயனம், துணி சோப்புத் தூள்லயும் இதே வகைதான் போடறாங்க. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியா திருப்பிக் கொடுக்கும், அதனால வெள்ளை கூடுதல் வெள்ளையா தெரியும். பிரச்சினை என்னன்னா இது நாளாக ஆக செத்துப்போகும், அப்ப பேப்பரோட இயல்பான மஞ்சள் சாயல் வெளிய வரும், ஓவியத்துல இருக்கற வெளிர் நிறங்கள் எல்லாம் அழுக்கான மாதிரி ஆகிடும். இதை நீங்களே சோதிக்கலாம். கள்ள நோட்டு பாக்கற புற ஊதா டார்ச் ஒண்ணு வாங்கி, ரூமை இருட்டாக்கி, பேப்பரோட ஓரத்துல அச்சாகாத வெள்ளைப் பகுதியில அடிச்சுப் பாருங்க. பளிச்சுன்னு ஊதா கலந்த நீலமா ஜொலிச்சா ஓபிஏ நிறைய இருக்குன்னு அர்த்தம். மங்கலா, கிரீம் மாதிரி அப்படியே இருந்தா இல்லன்னு அர்த்தம். பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் பேப்பரை வெச்சு ஒப்பிட்டீங்கன்னா வித்தியாசம் சட்டுன்னு புரியும், ஜெராக்ஸ் பேப்பர் அப்படி எரியும். நான் சொன்னதுல கான்சன் ரேக் ஃபோட்டோகிராஃபிக்ல ஓபிஏ கிடையாது, ஹானமூல ஃபோட்டோ ரேக்ல கொஞ்சமா இருக்கு. கொஞ்சம் இருந்தா பெரிய குத்தம்னு நான் நினைக்கல, ஆனா சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி டார்ச் அடிச்சுப் பாக்கற பழக்கம் நல்லது. நல்ல ஸ்டுடியோக்காரங்க சாம்பிள் கேட்டா சலிச்சுக்க மாட்டாங்க.

கேன்வாஸ் பத்தி ஒரு வார்த்தை. ஆயில் பெயின்டிங் மாதிரி தெரியணும்னு பலரும் கேன்வாஸ் பிரிண்ட்தான் கேட்பாங்க. எனக்கு அது பிடிக்கறதில்ல. சட்டத்துல இழுத்துக் கட்டறப்ப ஓரத்துல இங்க் வெடிக்கும், முன்னாடி கண்ணாடி கிடையாது, தூசியும் சமையல் புகையும் நேரா படும், துடைக்கவும் முடியாது. பருத்தி கேன்வாஸ், பிக்மென்ட் இங்க், மேல ஒழுங்கான வார்னிஷ்னு பண்றவங்க இருக்காங்க, அவங்ககிட்ட தாராளமா வாங்கலாம், ஆனா சந்தையில 'கேன்வாஸ் பெயின்டிங்'னு மலிவா ஓடறதுல பெரும்பாலானது அப்படி இல்ல.

இப்ப ஃபைல். இங்கதான் பலர் கேள்வியே கேட்கறதில்ல. எவ்வளவு நல்ல இங்க்கும் பேப்பரும் இருந்தாலும் உள்ள போற படம் மோசமா இருந்தா மோசமான படம் பல பத்து வருஷம் வெளுக்காம இருக்கும், அவ்வளவுதான். ஷெர்-கில்லோட 1935 ஓவியம் 'த்ரீ கேர்ள்ஸ்'ஐ இணையத்துல தேடிப் பாருங்க, ஒண்ணுல ஒரு பொண்ணோட துணி செங்கல் நிறம், ஒண்ணுல ரத்தச் சிவப்பு, இன்னொண்ணுல பழுப்பு, சிலதுல ஓரமெல்லாம் வெட்டியே போட்டிருக்காங்க. எது சரி? மியூசியம் தன்னோட விளக்கு வெளிச்சத்துல, கலர் அட்டை பக்கத்துல வெச்சு எடுத்த ஃபோட்டோவுக்குத்தான் மதிப்பு. மத்தது எல்லாம் யாரோ புத்தகத்துல இருந்து ஸ்கேன் பண்ணினதோட நகலோட நகல். அதனால 'இந்தப் படம் எங்க இருந்து எடுத்தீங்க'ன்னு கேளுங்க. மியூசியத்தோட சொந்த விற்பனைக் கடையில கிடைக்கற பிரிண்ட்னா இந்தக் கவலை பெருமளவு தீரும், இங்க்கும் பேப்பரும் மட்டும் தனியா கேட்டுக்கணும்.

அளவு கணக்கு சுலபம். நல்ல பிரிண்ட்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேணும். 16க்கு 20 அங்குலம் வேணும்னா 4800க்கு 6000 பிக்சல். 24க்கு 36 அங்குலம்னா 7200க்கு 10,800. தள்ளி நின்னு பாக்கற பெரிய படத்துக்கு 150 பிக்சல்லயும் ஓட்டலாம், ஆனா இணையத்துல எடுத்த 1200 பிக்சல் படத்தை மூணடிக்குப் பெருசாக்கினா பிரஷ் ஓடின தடம் எல்லாம் மெழுகு பூசின மாதிரி ஆகிடும். பல பெரிய மியூசியங்கள் காப்புரிமை முடிஞ்ச ஓவியங்களோட பெரிய ஃபைலை இலவசமாவே தர்றாங்க. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் 2012ல இருந்து, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017ல இருந்து, சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் 2018ல இருந்து. சிகாகோவுல இருக்கற வான் கோவோட 'தி பெட்ரூம்' ஓவியத்தை நீங்களே டவுன்லோட் பண்ணி, ஊர்ல இருக்கற நல்ல ஸ்டுடியோவுல குடுத்து அடிச்சுக்கலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. கடையில முழுசா அச்சாகி வர்ற பிரிண்டை விட இது பல சமயம் தரமாவும் விலை கம்மியாவும் அமையும், எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இதுதான்.

அந்த பெட்ரூம் ஓவியத்துலயே ஒரு சுவாரசியம் இருக்கு. சுவர் வெளிர் ஊதான்னு வான் கோ தன் தம்பி தியோவுக்கு எழுதின கடிதத்துல சொல்லியிருக்கார், இன்னிக்கு நமக்குத் தெரியறது நீலச் சுவர். கலந்த சிவப்புச் சாயம் காலப்போக்குல வெளுத்துப் போச்சு. அதனால பிரிண்ட்ல நமக்குக் கிடைக்கறது ஓவியத்தோட இன்னிக்கு நிலைமை. அசல்ல ஊதா இருந்துச்சேன்னு எந்தக் கடைக்காரரும் கம்ப்யூட்டர்ல கலர் மாத்தித் தர வேண்டியதில்ல, அப்படி 'என்ஹான்ஸ்' பண்ணித் தர்றேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

பிரிண்ட்டால முடியாத விஷயங்களும் உண்டு. குஸ்டாவ் கிளிம்ட்டோட 'தி கிஸ்' 180க்கு 180 சென்டிமீட்டர், அதுல நிஜமான தங்கத் தகடு ஒட்டியிருக்கு. வியன்னா பெல்வடியர் மியூசியத்துல அது முன்னாடி நகர நகர தங்கம் மினுங்கற இடம் மாறும். நாம பேசற இந்த கலை பிரிண்டர்கள்ல தங்கம்ங்கற இங்க் கிடையாது, மஞ்சளும் பழுப்பும் கலந்துதான் காட்டுவாங்க, எங்க நின்னு பாத்தாலும் ஒரே மாதிரி காவி. அதனால மினுங்கற உலோகம், விரல் தடிமனுக்கு அப்பின பெயிண்ட், ராத்கோ மாதிரி ஆளை விடப் பெருசா நின்னாதான் அர்த்தம் வர்ற ஓவியம், இதெல்லாம் பிரதியில பாதிதான் கிடைக்கும். கோடு, தட்டையான கலர், வாட்டர்கலர், பேப்பர்ல வரைஞ்சது, இதெல்லாம் பிரிண்ட்டுக்கு அப்படியே பொருந்தும். பால் க்ளேயோட சின்னச் சின்ன வாட்டர்கலர் ஓவியங்களை அசல் அளவுலயே அடிக்கலாம், முதல் பிரிண்ட் வாங்கறவங்களுக்கு நான் சிபாரிசு பண்றது அந்த மாதிரிப் படம்தான். ஷெர்-கில்லும் நல்லா வரும், ஏன்னா அவங்க தென்னிந்திய ஓவியங்கள்ல கலரைப் பெரிய அமைதியான பரப்புகளா வெச்சிருப்பாங்க, மேட் காட்டன் பேப்பர்ல அந்த அமைதி அப்படியே உக்காரும். பளபள பேப்பர்ல வேண்டவே வேண்டாம்.

காப்புரிமையைப் பத்தித் தெரிஞ்சுக்காம வாங்கக் கூடாது. இந்தியாவுல 1957 காப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 வருஷம் உரிமை இருக்கும், இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியில இருந்து கணக்கு. ஷெர்-கில் 1941ல இறந்தாங்க, அதனால 2002ல இருந்து யார் வேணா அச்சடிக்கலாம். ஜாமினி ராய் 1972, அவர் உரிமை 2032 முடியற வரைக்கும். பிக்காசோ 1973, 2033 வரைக்கும். நம்ம கே.சி.எஸ். பணிக்கர், 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமா இருந்தவர், 1977ல இறந்தார், 2037 வரைக்கும் உரிமை இருக்கு. எம்.எஃப். ஹுசைன் 2011, அது 2071 வரைக்கும் போகும். ஆக, ஹுசைனோட குதிரையைச் சில நூறு ரூபாய்க்கு யாராவது விற்கறாங்கன்னா அனுமதி வாங்கி அடிச்சதா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, அந்தக் காசுல ஒரு பைசா கூட உரிமை இருக்கற குடும்பத்துக்குப் போகாது. உரிமை உள்ள ஓவியம்னா லைசென்ஸ் யார்கிட்ட வாங்கினீங்கன்னு எழுத்துல கேளுங்க.

லிமிடெட் எடிஷன், நம்பர் போட்டது, சர்டிஃபிகேட்டோட வருதுன்னு சொல்லி விலையை ஏத்தறது இன்னொரு பக்கம். இறந்து போன ஓவியரோட ஓவியத்தை இன்னொருத்தர் இங்க்ஜெட்ல அடிச்சு 45/500னு, அதாவது 500 பிரதியில 45வதுன்னு, பென்சில்ல எழுதறதால அது அசல் ஆகிடாது. ஓவியரே கல்லுலயோ தாமிரத் தகட்டுலயோ வேலை செஞ்சு அச்செடுக்கற லித்தோகிராஃப், எட்சிங் எல்லாம் வேற, அதுவே ஒரு மூலப் படைப்பு. கிருஷ்ணா ரெட்டி ஒரே தகட்டுல பல கலர் எடுத்த எட்சிங்குகள் அந்த வகை. கையெழுத்தை மட்டும் நம்பறதும் ஆபத்து, சல்வடோர் டாலி கடைசிக் காலத்துல வெத்துப் பேப்பர்ல ஆயிரக்கணக்குல கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால அவர் பேர்ல வர்ற பிரிண்டுகளை இன்னிக்கும் சந்தேகத்தோடதான் பாக்கறாங்க. பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டற லென்ஸ் ஒண்ணு வெச்சுப் பாத்தா நிறைய தெரியும். நீலம், மெஜென்டா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வட்ட வட்டமா பூ மாதிரி அடுக்கி இருந்தா அது ஆஃப்செட்ல, அதாவது புத்தகம், பத்திரிகை அடிக்கற அச்சு மெஷின்ல, அடிச்ச போஸ்டர். ஒழுங்கே இல்லாம மணல் தூவினாப்ல நுண்ணிய புள்ளிகள் இருந்தா இங்க்ஜெட். பிரதிக்குப் பிரதியோட விலை கொடுங்க, முதலீடுன்னு யாராவது சொன்னா அந்தப் பேச்சுக்குக் காசு கொடுக்காதீங்க.

இப்ப ஃப்ரேம். எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம் உண்டு. அவ்வளவு விசாரிச்சு, காட்டன் பேப்பர்ல அழகா பிரிண்ட் எடுத்து, அதைத் தெருமுனை ஃப்ரேம் கடையில கொடுத்தா அவர் என்ன பண்ணுவார்? பின்னாடி பூரா பசை தடவி ஹார்ட்போர்டுலயோ சன்போர்டுலயோ ஒட்டிடுவார், இல்ல நாலு மூலையிலயும் செல்லோ டேப் போடுவார், கண்ணாடியை நேரா பிரிண்ட் மேலயே வெச்சு அழுத்தி ஆணி அடிச்சுடுவார். அவர் மேல தப்பே இல்ல, சாமி படத்துக்கும் கல்யாண ஃபோட்டோவுக்கும் எப்படிப் பண்றாரோ அப்படித்தான் பண்ணுவார், நாமதான் சொல்லிக் கொடுக்கணும். ஹார்ட்போர்டு, எம்டிஎஃப், ப்ளைவுட் எல்லாத்துல இருந்தும் அமில ஆவி வந்துக்கிட்டே இருக்கும், அது பேப்பருக்குள்ள ஏறி பழுப்புக் கறையா வெளிய வரும். செல்லோ டேப்போட பசை சில வருஷத்துல மஞ்சளாகி உருகி பேப்பருக்குள்ள ஊறிடும், அந்தக் கறையை எடுக்கவே முடியாது. கண்ணாடி ஒட்டி இருந்தா மழைக்காலத்துல உள்ள வேர்க்கற ஈரத்துல இங்க் கண்ணாடியோட ஒட்டிக்கும், பிரிச்சா பிஞ்சு வரும்.

கடையில இப்படிச் சொல்லுங்க: பிரிண்டைச் சுத்தி ஜன்னல் மாதிரி வெட்டின ஆசிட்-ஃப்ரீ மவுண்ட் போர்டு வேணும், அதுவே கண்ணாடிக்கும் பிரிண்டுக்கும் நடுவுல இடைவெளி கொடுத்துடும். பின்னாடியும் முதல்ல ஒரு ஆசிட்-ஃப்ரீ போர்டு, அதுக்குப் பின்னாடி வேணா உங்க வழக்கமான போர்டு. பிரிண்ட்டை எங்கயும் முழுசா ஒட்டக் கூடாது, மேல் விளிம்புல மட்டும் ரெண்டு சின்ன கீல், ஜப்பானியப் பேப்பரும் கோதுமை ஸ்டார்ச் பசையும் வெச்சு, ஏன்னா ஈரத்துக்கு ஏத்த மாதிரி பேப்பர் விரியும் சுருங்கும், அதுக்கு இடம் விடணும், அதோட தண்ணி தொட்டா அந்தப் பசை சுத்தமா விட்டு வந்துடும். அது கிடைக்கலன்னா நாலு மூலைக்கும் ஃபோட்டோ ஆல்பத்துக்கு விக்கற மாதிரி ஆசிட்-ஃப்ரீ கார்னர் போதும், பசையே பிரிண்ட்டைத் தொடாது. கண்ணாடிக்குப் புற ஊதா தடுக்கற கண்ணாடியோ அக்ரிலிக்கோ போடலாம், விலை கூடுதல்தான், சுவர்ல வெளிச்சம் அதிகம்னா கண்டிப்பா போடுங்க. ஆனா அது இருக்கேன்னு வெயில்ல மாட்டிடாதீங்க, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமும் கலரை வெளுக்க வைக்கும். லாமினேஷன் பண்ணட்டுமான்னு கேப்பாங்க, வேண்டவே வேண்டாம்.

சுவரைத் தேர்ந்தெடுக்கறது அடுத்தது. பாத்ரூமை ஒட்டின சுவர், மழைக்கு ஓதம் இறங்கற வெளிச்சுவர், சமையலறை வாசல், ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவர், இந்த நாலும் கூடாது. ஃப்ரேமோட பின்னாடி கீழ் ரெண்டு மூலையில சின்ன ரப்பர் பட்டன் ஒட்டிட்டா சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல காத்து ஓடும், பூசணம் பிடிக்காது. ராமபாணப் பூச்சி பேப்பர் திங்கறதுல கெட்டிக்காரி, பின்பக்க இடுக்கு எல்லாத்தையும் பேப்பர் டேப்பால மூடிடணும். கடலோர ஊர்கள்ல மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை கழட்டிப் பின்பக்கத்தைப் பாத்துடறது நல்லது.

பார்சல்ல வர்ற பிரிண்ட்டைக் கையில எடுக்கறப்ப ஓரத்தை மட்டும் பிடிங்க, மேட் பேப்பர்ல விரல் எண்ணெய் பட்டா போகாது, அந்த இங்க் நகம் பட்டாலே கோடு விழும். சுருட்டி வந்ததைச் சுத்தமான பேப்பர் மேல போட்டு ஒரு நாள் விட்டா தானா படியும், எதிர்த் திசையில சுருட்டி நிமித்தாதீங்க. புதுசா அடிச்ச பிரிண்ட்னா ஒரு நாளாவது காய விட்டுட்டுத்தான் கண்ணாடிக்குள்ள போகணும், இல்லன்னா இங்க்ல இருக்கற கரைப்பான் ஆவியாகி கண்ணாடி உள்பக்கம் பனி மாதிரி படியும். பில்லுல இங்க் பேரும் பேப்பர் பேரும் எழுதித் தரச் சொல்லி வாங்கி, அதை ஒரு கவர்ல பத்திரமா வெச்சுக்கோங்க.

பட்ஜெட் கம்மின்னா சைஸைக் குறைங்க, தரத்தைக் குறைக்காதீங்க. ஸ்டுடியோக்கள்ல பொதுவா சதுர அங்குலக் கணக்குல விலை போடறதால 10க்கு 12 அங்குலம் அடிக்கறதுக்கும் 20க்கு 24 அடிக்கறதுக்கும் நாலு மடங்கு வித்தியாசம். முதல்ல அந்த ஓவியத்துல கஷ்டமான ஒரு பகுதியை, ஷெர்-கில்னா ஒரு முகமும் பக்கத்துல இருட்டுப் பின்னணியும் வர்ற இடமா பாத்து, உள்ளங்கை அளவுக்கு டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பகல் வெளிச்சத்துல பாருங்க. கருமையில கலர் பிரிஞ்சு தெரியுதா, இல்ல ஒரே கறுப்பா அடைச்சிருக்கான்னு அதுலயே தெரிஞ்சுடும். அடைச்சிருந்தா அந்த ஃபைலையோ ஸ்டுடியோவையோ மாத்திட்டு அப்புறம் முழு சைஸுக்கு ஆர்டர் கொடுங்க.